‘முருகா’ என்றாலும் தட்டு பறக்கும்

அது ஒரு வெள்ளிக்கிழமை மத்தியானம். சென்னையிலிருந்து வந்திருந்த டெக்னீஷியன் என் தலையில் ஒரு ஹெட்போனை மாட்டிவிட்டு, சத்தம் வருகிறதா பாருங்கள் என்று கையால் ஜாடை காட்டினார். எனக்கு ஒன்றும் பெரிதாகக் கேட்கவில்லை. பெட்டியில் இருந்த திருகை நானே பிடித்துக் கடைசி வரைக்கும் திருகினேன்.

காதுக்குள் ஒரு ஆண் குரல் வந்து உட்கார்ந்தது. “முருகா... முருகா... வுடு முருகா.”

முன்னால் பதினைந்து அடி தூரத்தில் எனக்கு முதுகைக் காட்டியபடி ஆர்.கே.பேட்டை ரைஸ் மில் முதலாளி துப்பாக்கியைத் தோளில் வைத்துக்கொண்டு நின்றிருந்தார். மில்லு நைனா என்றுதான் எல்லோரும் கூப்பிடுவோம். அவர் முழங்கை தூக்கியதும் வழக்கம்போல பட்டனை அமுக்கினேன். ஆரஞ்சு தட்டு பறந்தது, அவர் சுட்டார், தட்டு தூளானது. எனக்குச் சிரிப்பு பொத்துக்கொண்டு வந்தது. ஹெட்போனைக் கழற்றாமலே, “மில்லு நைனா இதையா சொல்லிக்கினு இருந்தாரு” என்று சத்தமாகக் கேட்டுவிட்டேன்.

பக்கத்தில் மேனேஜர் குணா சார் நின்றிருந்தார். அவர் முகத்தைப் பார்த்ததும்தான் நான் என்ன உளறினேன் என்று எனக்கு உறைத்தது.

வேலையும் ரகசியமும்

சென்ற வாரம் பிரஸ் ஷாப்பில் என் காது போன கதையை எழுதியிருந்தேன். படிக்காதவர்களுக்கு இரண்டு வரி. கும்மிடிப்பூண்டியில் தகடு வெட்டுகிற கம்பெனியில் பல வருஷம் வேலை பார்த்தேன். பிரஸ் மெஷின் காலையிலிருந்து சாயங்காலம் வரை இடித்த இடியில் என் இரண்டு காதும் முக்கால்வாசி போய்விட்டன. கம்பெனியும் போய்விட்டது.

அதற்குப் பிறகு கிடைத்த வேலைதான் இது. தொழிற்பேட்டையைத் தாண்டி, ஏரிக்குப் பின்னால் துப்பாக்கி சுடும் மைதானம் ஒன்று இருக்கிறது. அங்கே பள்ளத்தில் ஒரு எந்திரம். பட்டனை அமுக்கினால் பஜ்ஜித் தட்டு அளவில் ஒரு களிமண் தட்டு வானத்தில் பறக்கும். வசதியான மனிதர்கள் வந்து அதைச் சுடுவார்கள். சுடுகிறவர் துப்பாக்கியைத் தோளில் வைத்துத் தயாராகி, ஒரு குரல் கொடுப்பார். குரல் கேட்ட அடுத்த கணம் பட்டனை அமுக்க வேண்டும். முந்தினாலும் பிந்தினாலும் திட்டு.

ஆக, காதை மட்டும் நம்பி இருக்கிற வேலை. அதில் காது கேட்காத நான் ஆறு வருஷமாக உட்கார்ந்திருந்தேன். யாருக்கும் தெரியாது.

அந்த வாரம் என் தலைக்கு மேல் இரண்டு கத்தி தொங்கியது. ஒன்று, ஓனர் வாங்கியிருந்த புது மெஷின். குரல் கேட்டால் அதுவே தட்டை விட்டுவிடும், ஆள் வேண்டாம். அதன் மைக்கைச் சோதிக்கத்தான் டெக்னீஷியன் என் தலையில் ஹெட்போன் மாட்டியது. ஞாயிற்றுக்கிழமை போட்டியில் அது ஒழுங்காக ஓடினால் திங்கட்கிழமை எனக்கு வேலை இல்லை. இரண்டாவது கத்தியை இப்போது நானே என் வாயால் இறக்கிக்கொண்டேன்.

குணா சாருக்கு ஏன் தெரியவில்லை

எனக்கு இந்த வேலையைக் கொடுத்ததே குணா சார்தான். அந்தப் பழைய தகட்டுக் கம்பெனியில் அவர் சூப்பர்வைசராக இருந்தவர். அவர் காதும் என் காது மாதிரிதான். இன்டர்வியூ என்று ஒரு நாள் என்னை ஆரம்பாக்கத்திலிருந்து வரச் சொன்னார். மரத்தடியில் நின்று இரண்டு பேரும் அரை மணி நேரம் பேசினோம். ரோட்டில் போன ஒரு ஆள் சைக்கிளை நிறுத்திவிட்டு, எதற்கு அந்தம்மாவிடம் சண்டை போடுகிறீர்கள் என்று அவரைக் கேட்டார்.

அப்படிக் கத்தியே பேசிப் பழகின எங்களுக்குள் யாருக்குக் காது கேட்கும், யாருக்குக் கேட்காது என்று எப்படித் தெரியும்? மைதானத்தில் தோட்ட வேலை, டீ வேலை, தட்டு அடுக்குகிற வேலை எல்லாவற்றிலும் எங்கள் கம்பெனி ஆட்கள்தான். நாங்கள் கூடி நாஷ்டா தின்றால் ஏரியில் கொக்கு எழுந்து போய்விடும்.

தோளைப் பார், குரலை நம்பாதே

முதல் நாள் வேலைக்கு உட்கார்ந்தேன். எல்லோருக்கும் காதுக் கவசம் கொடுத்திருந்தார்கள், எனக்கும். முதல் ஆள் நின்றார். கூப்பிட்டாரா இல்லையா, தெரியவில்லை. முகம் தெரிந்தால் வாயசைவைப் பார்த்தே பேச்சைப் புரிந்துகொள்வேன், ஆனால் எனக்கு அவர் முதுகுதான் தெரிந்தது.

அப்போது கைகொடுத்தது பிரஸ் ஷாப் பழக்கம். அங்கே பெரிய தகட்டை வெட்ட இரண்டு பேர் வேண்டும். ஒருத்தி தகட்டை உள்ளே தள்ளுவாள், இன்னொருத்தி பெடலை மிதிப்பாள். தகட்டைத் தள்ளினவள் கையை எடுத்த பிறகுதான் மிதிக்க வேண்டும், இல்லாவிட்டால் விரல் போய்விடும். ‘எடுத்துட்டேன்’ என்று கத்தினால் அந்த இடியில் கேட்காது. அதனால் நாங்கள் தோளைப் பார்ப்போம். கை வெளியே வருவதற்கு முன்னால் தோள் ஒரு துளி பின்னால் போகும். என் கூட்டாளி கன்னியம்மாவின் தோளைப் பார்த்து எத்தனை ஆயிரம் தகடு வெட்டியிருப்பேனோ, அவள் பத்து விரலோடுதான் ரிட்டையர் ஆனாள். எனக்கு அதில் ரொம்பப் பெருமை.

அந்தக் கண்ணை வைத்து இந்த முதுகுகளைப் பார்த்தேன். கூப்பிடுவதற்கு ஒரு நொடி முன்னால் ஒவ்வொரு முதுகும் ஏதோ ஒன்று செய்தது. மில்லு நைனா முழங்கையைக் கோழி இறக்கை மாதிரி தூக்குவார். ஒரு கம்பெனியின் ஜெனரல் மேனேஜருக்கு இடுப்பு இறுகும். ரிட்டையர் ஆன போலீஸ் அதிகாரிக்கு இரண்டு குதிகாலும் ஒட்டிக்கொள்ளும். மனை விற்கிறவர் கழுத்தைக் குனிவார். காது மூக்கு தொண்டை டாக்டர் வசுந்தரா, எங்களுக்கு டாக்டரம்மா, அவருக்கு இடது குதிகால் எறும்பு நுழைகிற அளவு எழும்பும்.

ஒரு வாரத்தில் முதுகுகள் பாடமாகிவிட்டன. ஒரு மாதத்தில் என்னை நல்ல காதுக்காரி என்று சொல்ல ஆரம்பித்தார்கள். நானும் தலையை ஆட்டிக்கொண்டேன்.

இவர்கள் எல்லோரும் ஒரே வார்த்தையைத்தான் சொல்கிறார்கள் என்று நினைத்திருந்தேன். இங்கிலீஷில் ‘புல்’, அதாவது இழு, என்று சொல்ல வேண்டும் என்று சுவரில் எழுதிப் போட்டிருந்தது. படித்த மனிதர்கள், எழுதிப் போட்டதைச் சொல்லமாட்டார்களா?

அந்த வெள்ளிக்கிழமை நான் கேட்டவை

மறுபடியும் ஹெட்போனுக்கு வருகிறேன். குணா சார் முறைத்துக்கொண்டு நிற்கிறார். எனக்குப் பயம். ஆனாலும் ஹெட்போனைக் கழற்ற மனசு வரவில்லை. ஆறு வருஷம் முதுகை மட்டும் பார்த்தவளுக்கு முதல்முறையாகக் குரல் கிடைத்திருக்கிறது, விடுவேனா?

அடுத்தவர் ஜெனரல் மேனேஜர். அலுவலகத்தில் இங்கிலீஷைத் தவிர வேறு பேசாதவர் என்று கேள்வி. இடுப்பு இறுகியது. “த்தா... ஹை ஹை” என்றார். அச்சு அசல் எருமை ஓட்டுகிற குரல். அவர் சின்ன வயதில் என்ன வேலை பார்த்தார் என்று எனக்கு அப்போது தெரிந்துவிட்டது. அவர் மேல் எனக்கு மரியாதை கூடியது.

போலீஸ்காரர் நெஞ்சை நிமிர்த்தி, “சார்” என்றார். வாழ்நாள் முழுக்க மேலதிகாரியைக் கூப்பிட்ட வாய். ஓய்வு பெற்ற பிறகு களிமண் தட்டைக் கூப்பிடுகிறது.

மனை விற்கிறவர்தான் என்னைக் கவிழ்த்தார். கழுத்தைக் குனிந்து, குழைந்து, “வாங்க வாங்க” என்றார். தட்டு வந்தது. சுட்டுப் பொடியாக்கிவிட்டு அடுத்த தட்டையும் அதே அன்போடு வரவேற்றார். நான் பட்டனை அமுக்கிக்கொண்டே மேஜை மேல் தலையைக் கவிழ்த்துச் சிரித்தேன். கண்ணில் தண்ணீர்.

கடைசியில் டாக்டரம்மா நின்றார். எங்கள் மைதானத்திலேயே நன்றாகச் சுடுகிறவர். அந்த ஞாயிற்றுக்கிழமை நன்றாகச் சுட்டால் மாநிலத் தேர்வுக்குப் போவார். ஆவலோடு காதைத் தீட்டிக்கொண்டேன். துப்பாக்கியை மடக்கி மூடுகிற சத்தம் கேட்டது. மூச்சு இழுக்கிற சத்தம் கேட்டது. இடது குதிகால் எழும்பியது, நான் அமுக்கினேன், தட்டு உடைந்தது.

குரல் மட்டும் வரவேயில்லை.

வயர் கழன்றுவிட்டதோ என்று பார்த்தேன், சரியாகத்தான் இருந்தது. அடுத்த தட்டு, அதற்கடுத்த தட்டு, எல்லாம் அப்படியே. டாக்டரம்மா வாயே திறக்கவில்லை. மனசுக்குள் கூப்பிட்டுவிட்டு, வெளியே கூப்பிட்டதாக நினைத்துக்கொண்டிருக்கிறார். எனக்கு முன்னால் இந்த நாற்காலியில் இருந்தவர்களை எல்லாம், காது மந்தம், லேட்டாக விடுகிறார்கள் என்று அவர் புகார் சொன்னதாகக் கேள்விப்பட்டிருந்தேன். பாவம், அவர்களுக்கு நல்ல காது. இல்லாத சத்தத்துக்குக் காத்திருந்திருக்கிறார்கள்.

பயிற்சி முடிந்ததும் குணா சார் என்னைத் தட்டு அடுக்குகிற கொட்டகைக்குப் பின்னால் கூப்பிட்டார்.

“இன்னா எஸ்தரு, ஆறு வருசமா காது கேக்காமயா பட்டன அமுக்கிக்கினு இருந்த?”

“ஒரு தட்டாவது தப்பா வுட்டேனா சார்?”

அவர் தலையைச் சொறிந்தார். ஞாயிற்றுக்கிழமை முடியட்டும், ஓனரிடம் சொல்லித்தான் ஆகவேண்டும் என்றார். அன்று ரயிலில் ஆரம்பாக்கம் வருகிற வரை ஜன்னல் பக்கம் உட்கார்ந்திருந்தேன். நாற்பத்தைந்து வயதில், செவிட்டுக் காதோடு, எந்தக் கம்பெனி கேட்டில் போய் நிற்பது என்று ஒரு பக்கம் கவலை. வாங்க வாங்க என்ற குரல் ஞாபகம் வந்து இன்னொரு பக்கம் சிரிப்பு. எதிரே உட்கார்ந்திருந்த அம்மாள் இடம் மாறி உட்கார்ந்துவிட்டார்.

மெஷினும் நானும் டீயும்

ஞாயிற்றுக்கிழமை என் நாற்காலியை எடுத்துவிட்டார்கள். எனக்கு டீ கொடுக்கிற வேலை. சுடுகிறவர்கள் ஒவ்வொருவர் முன்னாலும் ஒரு மைக். நான் உண்மையைச் சொல்லிவிடுகிறேன், அந்த மெஷின் நாசமாகப் போகவேண்டும் என்று காலையிலேயே ஜெபம் பண்ணிவிட்டுத்தான் கிளம்பினேன்.

முதலில் மில்லு நைனா. “முருகா” என்று ஆரம்பித்தார். மெஷின் தட்டை விட்டுவிட்டது. நைனா இன்னும் துப்பாக்கியையே தூக்கவில்லை. நடுவர் பரவாயில்லை என்று திரும்ப ஆரம்பிக்கச் சொன்னார். திரும்ப முதல் முருகாவுக்கே பறந்தது. பதறிப்போன நைனா, “முருகா முருகா” என்று கன்னத்தில் போட்டுக்கொண்டார். இரண்டு தட்டு பறந்தன. சுவாமி பெயரைச் சொல்லாமல் சுடுங்கள் என்று டெக்னீஷியன் கெஞ்சினார். நைனா அதற்குப் பிறகு வாயை இறுக்கி மூடிக்கொண்டு நின்றார்.

நான் டீத் தட்டோடு பின்னால் போனேன். ஓனர் நின்றிருந்தார். எங்கள் பிரஸ் ஷாப் குரலில், “சார், டீ” என்றேன். மைதானத்தில் தட்டு பறந்தது.

பட்டனும் துப்பாக்கியும் இல்லாமலே தட்டு விட்ட ஒரே ஆள் நான்தான். ஓனர் என்னை எரிப்பது மாதிரி பார்த்தார். டெக்னீஷியன் ஓடி வந்து மெஷினின் காதைக் குறைத்து வைத்தார். இனி பக்கத்தில் நின்று சொல்வது மட்டும்தான் அதற்குக் கேட்குமாம். ஜெனரல் மேனேஜரின் எருமைக் குரல் மெஷினுக்குக் கேட்டது. போலீஸ்காரரின் சாரும் கேட்டது. என் ஜெபம் பலிக்கவில்லை என்று நினைத்தேன்.

அப்புறம் டாக்டரம்மா.

துப்பாக்கி ஏறியது, குதிகால் எழும்பியது. தட்டு வரவில்லை. மறுபடி எழும்பியது, வரவில்லை. கொஞ்சம் சத்தமாகச் சொல்லுங்கள் மேடம் என்றார் டெக்னீஷியன். சத்தமாகத்தான் சொன்னேன் என்றார் அவர். மூன்றாவது தடவையும் வரவில்லை. இத்தனை வருஷம் அவர் பாடுபட்டது இப்படி வீணாகப் போகிறதே என்று எனக்கே அழுகை வந்துவிட்டது.

டாக்டரம்மா துப்பாக்கியை மடக்கிவிட்டுத் திரும்பினார்.

“எஸ்தர் எங்க? என் குரல் எல்லாருக்கும் கேக்காது. இந்த இடத்துல நல்ல காது அவங்க ஒருத்தருக்குத்தான். காது டாக்டர் நான் சொல்றேன், அவங்களை உக்கார வைங்க.”

எல்லோரும் என்னைப் பார்த்தார்கள். நான் குணா சாரைப் பார்த்தேன். அவர் ஒரு வார்த்தை சொன்னால் போதும், கதை முடிந்தது. அவர் தொண்டையைக் கனைத்துக்கொண்டார்.

“ஆமா மேடம். அந்த மாரி காது எங்கயும் கெடைக்காது.”

சொல்லிவிட்டு என் நாற்காலியை அவரே தூக்கிக்கொண்டு வந்து போட்டார். டாக்டரம்மா இருபத்தைந்து தட்டில் இரண்டைத்தான் தவறவிட்டார். மற்றவர்களும் மெஷின் வேண்டாம் என்று சொல்லிவிட்டார்கள். நைனா நிம்மதியாக மூன்று முருகாவும் சொன்னார்.

கையில் இன்னொரு பட்டன்

இதோடு முடிந்திருந்தால் நான் தப்பித்திருப்பேன். ஆனால் டாக்டரம்மாவுக்கு என் காது மேல் ஆசை வந்துவிட்டது. இவ்வளவு கூர்மையான காதை ஒரு தடவை அளந்து பார்க்கவேண்டும், மணவாள நகரில் இருக்கிற என் கிளினிக்குக்கு வா என்று பிடித்துக்கொண்டார். நாலு தடவை சாக்கு சொன்னேன். ஐந்தாவது தடவை, இனியும் மறுத்தால் சந்தேகம் வரும் என்று குணா சாரே வண்டியில் ஏற்றி அனுப்பிவிட்டார்.

ஒரு சின்னக் கண்ணாடி அறை. என்னை உள்ளே உட்கார வைத்து ஹெட்போன் மாட்டினார். கையில் ஒரு பட்டனைக் கொடுத்தார். சத்தம் கேட்கும்போதெல்லாம் அமுக்க வேண்டுமாம். எனக்குச் சிரிப்பதா அழுவதா என்று தெரியவில்லை.

கண்ணாடிக்கு வெளியே டாக்டரம்மா மெஷின் முன்னால் உட்கார்ந்தார். எனக்கு ஒன்றும் கேட்கவில்லை. ஆனால் சத்தம் அனுப்ப அவர் மெஷினை அழுத்தும்போது அவர் வலது தோள் ஒரு துளி இறங்கியது. என் கட்டைவிரல் தானாக அமுக்கிவிட்டது. மறுபடி தோள், மறுபடி விரல். ஏமாற்ற வேண்டும் என்று நினைத்துச் செய்யவில்லை. பழகின விரல் என் பேச்சைக் கேட்கவில்லை.

டாக்டரம்மா ஆச்சரியத்தோடு காகிதத்தில் கோடு போட்டுக்கொண்டே போனார். பிறகு ஏதோ ஞாபகம் வந்தவராக உள்ளே வந்து, உங்களைத் திருப்பி உட்கார வைக்க மறந்துவிட்டேன் என்று நாற்காலியைச் சுவர்ப் பக்கம் திருப்பினார்.

சுவருக்கு ஏது தோள். பட்டனைப் பிடித்துக்கொண்டு வெள்ளைப் பெயிண்டைப் பார்த்தபடி உட்கார்ந்திருந்தேன்.

ரொம்ப நேரம் கழித்து டாக்டரம்மா காகிதத்தோடு வந்தார். எழுதிக் காட்டித்தான் பேசவேண்டிய காது இது, முதலில் எப்படி அமுக்கினாய் என்று என் முகத்துக்கு நேராக வந்து கேட்டார். தோளைப் பார்த்து என்றேன். பிரஸ் ஷாப்பைச் சொன்னேன்.

“அப்போ மைதானத்துல என் குரல்?”

“நீங்க இதுவரிக்கும் ஒரு தபா கூட கூப்புட்டதே இல்லைங்க டாக்டரம்மா. குதிகாலத் தூக்குவீங்க. நான் வுடுவேன்.”

அவர் அப்படியே ஸ்டூலில் உட்கார்ந்துவிட்டார். வேலை போச்சு என்று நான் நினைத்தேன். முதலில் அவர் தோள் குலுங்கியது. அழுகிறாரோ என்று குனிந்து பார்த்தால், சிரிக்கிறார். நானும் சேர்ந்துகொண்டேன். நர்ஸ் வந்து கதவைத் திறந்து பார்த்துவிட்டு, மூடிக்கொண்டு போனாள்.

டாக்டரம்மாவின் முதல் குரல்

ஓனரிடம் விஷயத்தை டாக்டரம்மாவே சொன்னார். ஓனர் நம்பவில்லை. நான் இப்போது என்ன நினைக்கிறேன், சொல் பார்க்கலாம் என்று கேட்டுவிட்டு எனக்கு முதுகைக் காட்டிக்கொண்டு நின்றார். என்னை அனுப்ப மனசில்லை சார் உங்களுக்கு என்றேன். அவர் திரும்பாமலே, சரி போ, வேலையைப் பார் என்று கையை ஆட்டினார்.

டாக்டரம்மா எனக்குக் காது மெஷின் இரண்டு மாட்டிவிட்டார். மாட்டின அன்று மைதானமே வேறு இடமாக இருந்தது. ஏரியில் தவளை கத்தியது. கல்லில் செருப்பு உரசுவது கேட்டது. எங்கள் ஆட்கள் எவ்வளவு கத்துகிறார்கள் என்றும் அன்றுதான் தெரிந்தது, பேஜாராகிவிட்டது.

மாநிலத் தேர்வுக்குச் சில நாள்தான் இருந்தது. டாக்டரம்மா ஒரு முடிவோடு வந்திருந்தார். இனிமேல் வாய் திறந்து ஒழுங்காகக் கூப்பிடப் போகிறேன் என்றார். குணா சார், மில்லு நைனா எல்லோரும் வேடிக்கை பார்க்க நின்றார்கள்.

துப்பாக்கி ஏறியது. குதிகால் எழும்பியது. நான் குரலுக்குக் காத்திருந்தேன்.

“கீச்” என்று ஒரு சத்தம் வந்தது. பிரேக் பிடிக்காத சைக்கிள் மாதிரி. அவ்வளவு பெரிய டாக்டர், அவ்வளவு பெரிய துப்பாக்கி, அவ்வளவுதான் குரல். எனக்குச் சிரிப்பு வந்து விரல் பிந்திவிட்டது. டாக்டரம்மாவும் தன் குரலைக் கேட்டு அசந்துபோய் நின்றுவிட்டார். தட்டு முழுசாகப் போய்ப் புல்லில் விழுந்தது. அடுத்த தட்டுக்கு இன்னும் பெரிய கீச். அதுவும் விழுந்தது. ஐந்து தட்டு வரிசையாகப் போயின. ஐந்துக்கும் காரணம் எங்கள் இரண்டு பேருக்கும் நடந்த வைத்தியம்தான்.

டாக்டரம்மா துப்பாக்கியை மடக்கினார். நேராக என் நாற்காலிக்கு வந்து உள்ளங்கையை நீட்டினார்.

“அதைக் கழட்டிக் குடுங்க எஸ்தர். வேலை முடிஞ்சதும் தர்றேன். நீங்க கேக்கவும் வேணாம், நான் கூப்பிடவும் வேணாம்.”

இரண்டு காது மெஷினையும் கழற்றிக் கொடுத்தேன். தவளை நின்றது, செருப்பு நின்றது, எங்கள் ஆட்களின் கூச்சலும் நின்றது. டாக்டரம்மா அவற்றைப் பத்திரமாகச் சட்டைப் பையில் போட்டுப் பொத்தானை மாட்டிக்கொண்டு போய் நின்றார்.

இடது குதிகால் எறும்பு அளவு எழும்பியது. நான் அமுக்கினேன்.